பள்ளிக்குத் தலைமை தாங்கியோர்

(மந்தைவெளியில் நடைபெற்ற வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்விப் பணியாற்றிவரும் நம் சங்கத்தின் புரவலர்களைப் போற்றி எனக்கு முன்னே பலர் பேசிவிட்டார்கள். அவர்கள் போற்றத்தக்கவர்களே. ஆயினும் இத்தகைய விழா மலர்களில் நன்கொடையாளரின் படம் முன்பக்கத்தில் இருக்கும். பிள்ளையைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்து வந்த தாயின் படம் எப்பக்கத்திலும் இராது. அத்தாயைப் பற்றியும் அப்பிள்ளையைப் பற்றியும் பேசவே விரும்புகிறேன்.

நமக்கு அருகிலுள்ள வரலாற்றிலிருந்தே தொடங்குகிறேன். அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894ஆம் ஆண்டில் ஊரூரில் நம் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை ஆகிய இடங்களிலும் பள்ளிகள் எழுந்தன. 'பஞ்சமர் பள்ளி' என்பது அவற்றிற்கு அந்நாளைய பெயர். அயோத்திதாசப் பண்டிதரும் அம்முயற்சிக்குத் துணை நின்றார். ஆல்காட்டின் பெயர் தாங்கிய பள்ளி பெசன்ட் நகரில் இன்றும் நடைபெறுகிறது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கட்டடத்தையும் ஆசிரியரையும் ஒரு சபை கொடுக்கலாம்; பிள்ளையைக் கொடுக்க வேண்டியவர் பெற்றோர் அல்லரோ? எட்டு வயதுச் சிறுவன் மாடு மேய்த்தால் அன்றைய கூழுக்கு ஆகும். அவ்வரவை விட்டுக்கொடுத்து, கையில் பலகையைத் தந்து அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் தாம் ஓர் எழுத்தும் அறியாதவர்கள். பயன் என்னவென்று கண்ணால் கண்டிராத ஒன்றிற்காக அன்றாட உணவை ஈடு வைத்தார்கள். இதனைத் தலைமை என்று சொல்லாமல் வேறென்னவென்று சொல்வது? பசியின் கணக்கை ஆட்சியாளர் உணரச் சில காலம் ஆயிற்று. தியாகராயர் தலைவராயிருந்த சென்னை மாநகராட்சி, பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் நண்பகல் உணவளிக்க முடிவு செய்தது 1920ஆம் ஆண்டில்தான்.

இனி மாணவர்களிடம் வருகிறேன். காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த இளையபெருமாள் அவர்கள் பரங்கிப்பேட்டையில் பயின்றபோது, பள்ளியில் தண்ணீர்ப் பானைகள் இரண்டு இருந்தன. நம் பிள்ளைகளுக்குத் தனிப்பானை. அச்சிறுவர் தனிப்பானையை உடைத்தார். புதுப்பானை வந்தது, அதையும் உடைத்தார். விசாரணை நடந்தது, முடிவில் தனிப்பானை வழக்கமே ஒழிந்தது. அச்சிறுவரே 1952இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தீண்டாமை பற்றி ஆராய 1965இல் நடுவணரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி, நாடெங்கும் சென்று உண்மைகளைத் திரட்டி, 1969இல் அறிக்கை அளித்தார். பானையை உடைக்கச் சிறுவர்களைத் தூண்டுகிறேனே என்று இங்குள்ள ஆசிரியர் எவரேனும் வருந்தலாம். அத்தகைய பானையை வைத்திருக்கும் பள்ளியல்லவா முதலில் வருந்த வேண்டும்!

அவருக்குச் சட்டத்தின் துணை இருந்ததில்லை. இன்று நமக்கு இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருத்தல் வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு விகிதப்படி இடம் உண்டு. பள்ளிக்கு வரும் அரசு மானியம் எவ்வாறு செலவாகிறது என்பதைக் கண்காணிப்பதும், பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அக்குழுவின் கடமைகள். தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகள்தோறும் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன.

இடம் கிடைத்தது, குரல் கிடைத்ததா என்பதே என் ஐயம். மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் விடியற்காலையிலேயே வீட்டு வேலைக்குப் புறப்படும் தாய்மார்கள் நம்மிடையே பலர். கூட்டம் வேலை நேரத்தில் வைக்கப்பட்டால் அவரால் வர இயலாது. கையொப்பம் வாங்கத் தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு தேடி வரும். கழிவறைக்குக் கதவில்லை என்று சொல்ல வேண்டியவர் அவர். எல்லாம் நிறைவு என்ற தீர்மானத்தின் கீழும் அவர் கையொப்பமே நிற்கும்.

ஆகவே படித்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் குழு உறுப்பினராயுள்ள தாய்மார்கள் யார் எவர் என்று கேட்டறியுங்கள். கூட்டத்தை மாலையில் வைக்குமாறு தலைமையாசிரியருக்கு அவர்கள் பெயரால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். தீர்மானத்தை வரி வரியாக வாசித்துக் காட்டுங்கள். கேட்டு முடித்த பின்னரே அவர்கள் கையொப்பமிடட்டும். இப்பணிக்கு முன்வருவோர் இன்று மாலையே நம் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.