தொட்டித் தண்ணீரும் நகரத்துக் கொசுவும்



2005-ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குனியா இந்தியாவுக்குத் திரும்பியபோது, அது முதலில் தாக்கிய பகுதிகளில் ஆந்திரத்தின் ராயலசீமாவும் ஒன்று. சித்தூர், கடப்பா, அனந்தபூர் மாவட்டங்களில் காய்ச்சல் விட்ட பிறகும் மூட்டுவலி மக்களை எழுந்து நடக்க விடவில்லை. 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவிய அதே நோய்தான். 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிய பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கிக் கிடந்தது. 2006-இல் நாடு முழுக்கச் சுமார் 13.9 லட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாம் எனக் கணக்கிடப்பட்டது.

ராயலசீமா போன்ற வானம் பார்த்த பூமியில் கொசுக் காய்ச்சல் எப்படி இவ்வளவு பரவியது?

தண்ணீர்ப் பஞ்சம்தான் அதற்கு வழி திறந்தது. குழாயில் தினமும் தண்ணீர் வராத வீட்டில் அண்டா, டிரம், சிமென்ட் தொட்டி, தரைக்கடியில் சம்ப் என எல்லாவற்றிலும் பிடித்துவைப்பார்கள். சிக்குன்குனியாவையும் டெங்குவையும் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு தேடுவது அந்தத் தெளிந்த நீரைத்தான். சாக்கடை நீரில் பெருகுவது யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ். ஆகவே சாக்கடையை மட்டும் சுத்தம் செய்து டெங்குவைத் தடுக்க முடியாது. ஏடிஸ் தன் முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீரைக் கொட்டிக் காயவிட்டாலும் அவை மாதக்கணக்கில் சாகாது. டேங்கர் லாரி வந்து தொட்டி நிரம்பியதும் புழு வெளிவரும். வெயில் காலத்தில் ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிவிடும். சுவரைத் தேய்த்துக் கழுவச் சொல்வது இதனால்தான்.

இந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறக்காது. ஆனால் அது சுமக்கும் வைரஸ், காய்ச்சல்காரர்களோடு பேருந்திலும் ரயிலிலும் ஊர் கடக்கிறது. நாள்தோறும் பல்லாயிரம் பக்தர்கள் வந்துபோகும் திருப்பதியில் விடுதிகளின் மொட்டைமாடித் தொட்டிகள் மூடியிருக்கின்றனவா என்பது பல மாநிலங்களின் கவலையாக வேண்டும்.

நகரத்து மலேரியாவின் கதையும் இதுவே. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரப் பழகிய அனாபிலிஸ் ஸ்டெபன்சி கொசு நம் நாட்டு நகரங்களுக்குப் பழையது. 2012-இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. அதன்பின் எத்தியோப்பியாவிலும் பரவியது.

தெருவில் அடிக்கும் புகை, வீட்டுக்குள் கட்டிலடியிலும் துணிமறைவிலும் உட்கார்ந்திருக்கும் ஏடிஸை அவ்வளவாகத் தொடுவதில்லை. புகை வண்டி வந்தால் மக்களுக்கு நிம்மதி. ஆனால் உண்மையான வேலை தொட்டிகளில் இருக்கிறது. இன்று பட்டம் பெறும் பொறியாளர் கட்டப்போகும் வீட்டில் சம்புக்கு இறுகப் பொருந்தும் மூடி வேண்டும். கான்கிரீட் தளத்தில் கியூரிங்குக்குத் தேக்கிய நீரை வாரம் ஒருமுறையாவது வடிக்க ஆள் வேண்டும். விலங்கியல் படித்தவர்கள் டார்ச் விளக்கோடு வீடு வீடாகப் போய்ப் புழுவைப் பார்த்து இனம் சொல்ல வேண்டும். நிர்வாகம் படித்தவர்கள் குழாய்த் தண்ணீர் நாள் தவறாமல் வரும்படி செய்ய வேண்டும். சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த வேலைகளுக்கு இந்தப் பட்டமளிப்பு அரங்கிலிருந்தே ஆட்கள் வர வேண்டும்.