வீடு திரும்பிய பிறகு



குறைமாதக் குழந்தைகளைப் பற்றிப் பேசக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. 2003இல் புருலியா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்று ஒரு சிறப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. இந்த ஊர் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் டாக்டர் அருண் சிங் அதற்கு முன்னின்றவர். வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உலகுக்கே வழிகாட்டிய திலீப் மகலனோபிஸ், அந்தப் பிரிவின் பலனை ஆராய்ந்த குழுவில் இருந்தார். செவிலியர் போதாமல் போனபோது உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, குழந்தைப் பராமரிப்பில் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். ஏழை மாவட்டம் ஒன்றில் அதை நடத்திக் காட்டினார்கள். பிறகு நாடெங்கும் மாவட்ட மருத்துவமனைகளில் எழுந்த பிரிவுகளுக்கு அதுவே முன்மாதிரி.

அந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் நம் கணக்கு டிஸ்சார்ஜ் அன்றோடு முடிந்துபோகிறது என்பதுதான் என் வாதம். 2020இல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன்பே பிறந்தன. உலகில் எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை. எத்தனை பிழைத்தன என்று கேட்கிறோம். பிழைத்தவை எப்படி இருக்கின்றன என்று கேட்பவர் யார்?

கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். விழித்திரையின் ரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்து முடிவது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான். குழந்தை முந்திப் பிறந்தால் அந்த வளர்ச்சி பாதியில் நிற்கும். ஆக்சிஜன் அளவு கூடிக் குறைந்தால் குழாய்கள் தாறுமாறாக முளைத்து, கடைசியில் விழித்திரையையே பிய்த்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாட்டி கண்ணுக்கு மை தீட்டி மகிழ்ந்துகொண்டிருப்பாள். பிறந்த முப்பது நாளுக்குள், ரொம்பச் சிறிய குழந்தையானால் இரண்டு மூன்று வாரத்துக்குள், கண் மருத்துவர் பார்த்துவிட்டால் பெரும்பாலும் லேசர் சிகிச்சையில் பார்வையைக் காப்பாற்றலாம். சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல், 29ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையோடு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தச் சோதனை அதற்கு நடக்கவில்லை, பார்வை போயிற்று. 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடியே எண்பது லட்ச ரூபாய் வழங்கச் சொன்னது. பணம் வந்தது, சரி. ஒரு தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால்?

பெரிய ஊனம் கண்ணுக்குத் தெரியும். அதைக் கவனிக்க இங்கே தாராதலாவில், 1974இல் சுதா கௌல் தொடங்கிய பெருமூளை வாத நிறுவனம் இருக்கிறது. தெரியாமல் போவது சின்னச் சங்கடங்கள். 1987 முதல் 1989 வரை புனே கே.இ.எம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய எடை குறைந்த குழந்தைகளை டாக்டர் சுதா சௌதரி குழுவினர் பதினெட்டு வயதுவரை விடாமல் தொடர்ந்தார்கள். பன்னிரண்டு வயதில் அவர்களின் சராசரி அறிவுத்திறன் இயல்பு வரம்புக்குள்தான் இருந்தது; ஆனால் மற்றப் பிள்ளைகளைவிடக் குறைவு. வாத்தியார் அதைச் சோம்பல் என்பார். அப்பா முதுகில் ஒன்று வைப்பார்.

இன்னொரு பக்கமும் உண்டு. கனடாவின் ஹாமில்டனில் டாக்டர் சரோஜ் சைகல், ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்து வளர்ந்த பதின்வயதினரிடமே அவர்கள் வாழ்வு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அதிகக் குறைபாடுகள் இருந்தும் பெரும்பாலோர் தங்கள் வாழ்வுக்கு நல்ல மதிப்பெண்ணே போட்டார்கள். கடுமையான ஊனத்தோடு வாழும் வாழ்க்கையை அவர்களையும் பெற்றோரையும்விடக் குறைவாக மதித்தவர்கள் டாக்டர்களும் செவிலியர்களும்தான்! முப்பது வயதையொட்டி வருமானத்திலும் தன்மதிப்பிலும் அப்படிப் பிறந்தவர்கள் சற்றுப் பின்தங்கியதையும் அதே அம்மையார் மறைக்காமல் எழுதினார். ஆகவே அனுதாபமும் வேண்டாம், ஆரவாரமும் வேண்டாம். பின்தொடர்தல் வேண்டும்.

ஒரு சின்னக் காரியம் சொல்கிறேன். மேற்கு வங்க அரசுப் பள்ளிகளில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஜனவரி கடைசியில் பிறக்க வேண்டிய குழந்தை நவம்பரிலேயே பிறந்துவிட்டால், ஒரு வருடம் முன்கூட்டியே வகுப்பில் போய் உட்கார்கிறது. இரண்டு மாத மூளை வளர்ச்சியைக் கடனாக வைத்திருக்கும் பிள்ளையின் தலையில் இன்னொரு வருடத்தையும் ஏற்றுகிறோம். பெற்றோர் விரும்பினால் பிரசவத்துக்குக் குறித்த தேதியைக் கணக்கில் எடுத்துச் சேர்க்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை போதும். அதற்கு இன்குபேட்டர் வாங்க வேண்டியதில்லை; கட்டடம் எழுப்ப வேண்டியதில்லை. கல்வித்துறை நண்பர்கள் இருவர் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் காபி வேளையில் அவர்களை விடுவதாக இல்லை.