விதை நெல்லும் படச்சுருளும்



வலியசாலை என்ற பெயரில் 'சாலை' என்று ஒரு சொல் இருக்கிறது. இன்று சாலை என்றால் வண்டி போகும் பாதை. பழைய காலத்தில் மாணவர்கள் தங்கிப் படித்த இடத்தையும் சாலை என்றார்கள். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் காந்தளூர்ச் சாலை என்ற பெயர் வருகிறது. வலியசாலையில் உள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்றுதான் பெயர். அந்தப் பழைய சாலை இங்கேதான் இருந்தது என்று வரலாற்று அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

படிக்கும் இடம் என்று பெயர் பெற்ற இந்த ஊரில் இன்று வேறு ஒரு வகைப் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். அது படம் பார்த்துப் படிக்கும் படிப்பு.

வலியசாலையிலிருந்து தம்பானூர் நடந்து போகும் தூரம்தான். அங்கே கைரளி, ஸ்ரீ, நிளா என்று மூன்று தியேட்டர்கள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. கேரள மாநில சலச்சித்திர அக்காதமி 2008ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு திரைப்பட விழாவைத் தொடங்கியது. அது ஆவணப்படங்களுக்கும் குறும்படங்களுக்கும் உரிய விழா. பாட்டும் சண்டையும் இல்லாத படங்களைப் பார்க்க அங்கே கூட்டம் கூடுகிறது.

ஆவணப்படம் என்றால் என்ன?

முன்பெல்லாம் சினிமாக் கொட்டகையில் பெரிய படத்துக்கு முன்னால் ஒரு சிறிய படம் ஓடும். அணைக்கட்டு, வெள்ளம், மந்திரிகளின் பயணம் எல்லாம் அதில் வரும். ஃபிலிம்ஸ் டிவிஷன் என்ற அரசு நிறுவனம் 1948 முதல் இப்படிப்பட்ட படங்களைத் தயாரித்தது. பெரியவர்கள் பலருக்கு அது நினைவிருக்கும்.

ஆவணப்படம் என்பது நடந்ததைக் காட்டும் படம். அதில் வருபவர்கள் நடிகர்கள் அல்லர். தங்கள் சொந்த வாழ்க்கையை வாழ்பவர்கள்.

அரசும் பெரிய கம்பெனியும் சொல்லாமல், தாமே முன்வந்து படம் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? கேரளத்தில் ஜான் ஆபிரகாம் என்ற இயக்குநர் ஒரு வழி காட்டினார். தமிழில் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்ற படத்தை எடுத்தவர் அவர். 1984இல் அவரும் நண்பர்களும் 'ஒடேசா' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டினார்கள். பார்த்தவர்களிடம் சிறு தொகை வாங்கினார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தில் 1986இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை முடித்தார்கள். அது கதைப்படம்தான். ஆனாலும் மக்கள் காசில் படம் எடுக்கலாம் என்ற துணிவை அது பலருக்கும் கொடுத்தது.

இப்படித் தனித்து நிற்பவர்கள் எடுத்த படங்களில் ஒரு வகை உண்டு. இயற்கையை ஒட்டி, மற்றவர்கள் போகாத வழியில் வாழ்பவர்களைப் பற்றிய படங்கள் அவை.

அரணையைப் பார்த்தீர்களா?

2012இல் சுனந்தா பட் என்ற பெண் இயக்குநர் வயநாட்டைப் பற்றி ஒரு படம் எடுத்தார். 'நீங்கள் அரணையைப் பார்த்தீர்களா?' என்று கேட்பதே படத்தின் பெயர்.

வயல் நாடு என்பதுதான் வயநாடு ஆயிற்று என்று சொல்வார்கள். ஆனால் அங்கே வயல்கள் குறைந்துகொண்டே வந்தன. நெல் விளைந்த பூமியில் வாழையும் இஞ்சியும் வந்தன. அந்த மாற்றத்தை இந்தப் படம் மூன்று பேர் வழியாகக் காட்டுகிறது. ஒரு பெண், காட்டில் மருந்துச் செடிகள் காணாமல் போவதை எண்ணிக் கவலைப்படுகிறார். ஒரு விவசாயி, உரக்கடைக்குப் போகாமல் பழைய நெல் வகைகளைப் பயிரிடுகிறார். இன்னொருவர் பணப்பயிரை நம்பிப் போராடுகிறார். யார் செய்தது சரி என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. பார்ப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

நெல் மனிதர்

அதே வயநாட்டில் மானந்தவாடிக்குப் பக்கத்தில் கம்மன என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்பவர் செறுவயல் ராமன். குறிச்சியர் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். மண் சுவர், வைக்கோல் கூரை உள்ள பழைய வீட்டில் குடியிருப்பவர்.

சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கும்போது எத்தனை பெயர் கேட்கிறீர்கள்? மட்டை, ஜயா, பொன்னி என்று சில பெயர்கள்தான். ராமன் காத்து வந்த நெல் வகைகள் 50ஐ எட்டும். வெளியன், செந்தாடி, தொண்டி, சென்னெல், கந்தகசாலை, ஜீரகசாலை என்று அந்தப் பட்டியல் நீளும்.

இத்தனை வகையை ஏன் ஆண்டுதோறும் விதைக்க வேண்டும்? ஒரு பானையில் போட்டு மூடி வைத்தால் போதாதா?

போதாது. நெல் விதைக்கு உயிர் உண்டு. சாதாரணமாக வீட்டில் சேமித்த விதையின் முளைப்புத் திறன் ஓரிரு ஆண்டுகளில் குறைந்துவிடும். அதற்குள் அதை மண்ணில் போட வேண்டும். விளைந்ததிலிருந்து புது விதை எடுக்க வேண்டும். பல ஆண்டுகள் விதைக்காமல் விட்டால், பாட்டன் முப்பாட்டன் காலத்திலிருந்து வந்த ஒரு வகை அத்தோடு அழிந்து போகும். வேறு எங்கும் அந்த விதை இல்லையென்றால் எத்தனை பணம் கொடுத்தாலும் திரும்ப வராது.

ராமன் விதையை விலைக்கு விற்பதில்லை. கேட்டு வரும் விவசாயிக்குச் சும்மா கொடுப்பார். ஒரே ஒரு நிபந்தனைதான். அறுவடை ஆனதும் வாங்கிய அளவு விதையைத் திருப்பித் தர வேண்டும். ராமன் வீட்டில் ஒரு வகை கெட்டுப் போனாலும் வாங்கிப் போனவர் வயலில் அது நிற்கும்.

இந்த வாழ்க்கை சுலபமானது என்று எண்ண வேண்டாம். பழைய நெல் வகைகள் பல, புது வகைகள் அளவுக்கு விளைச்சல் தருவதில்லை. சிலவற்றுக்கு அதிக நாளும் வேண்டும். மழை பிந்தினால் நட்டம். காட்டுப் பன்றி புகுந்தாலும் நட்டம்.

ராமனுக்கு 2023இல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அவரைப் பற்றி எம்.கே. ராமதாஸ் எடுத்த ஆவணப்படம் 'நேகல்'. 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் அந்தப் படம் சிறப்புக் குறிப்புப் பெற்றது.

பாதி உனக்கு, பாதி எனக்கு

இப்படிப்பட்டவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் வட மாசிடோனியா என்று ஒரு சிறிய நாடு. அங்கே மலையில் ஆளில்லாமல் போன ஒரு கிராமம். மின்சாரம் இல்லை. படுத்த படுக்கையான தாயோடு ஹாதிஜே என்ற பெண் அங்கே வாழ்ந்தார். பாறை இடுக்கில் தேனீ வளர்ப்பது அவர் தொழில். தேன் எடுக்கும்போது தேனீயிடம், பாதி உனக்கு, பாதி எனக்கு என்று சொல்வார். சொன்னபடியே பாதியை விட்டு வருவார்.

பக்கத்தில் ஒரு குடும்பம் குடிவந்தது. பிள்ளைகள் நிறைய. பணக்கஷ்டம். வியாபாரி அவசரப்படுத்தினார். அந்தக் குடும்பத்தலைவர் தேன் முழுவதையும் எடுத்து விற்றார். அவருடைய தேனீக்கள் பசியில் ஹாதிஜேயின் கூடுகளைத் தாக்கின. கடைசியில் இருவருக்கும் நட்டம்.

தமாரா கோத்தெவ்ஸ்கா, லூபோமிர் ஸ்தெஃபானோவ் என்ற இருவர் மூன்று ஆண்டுகள் போய்வந்து இதைப் படமாக்கினார்கள். 2019இல் வெளிவந்த அந்தப் படம் உலகமெல்லாம் ஓடியது. படத்தால் கிடைத்த பணத்தைக் கொண்டு, ஹாதிஜேக்கு வேறு ஊரில் ஒரு வீடு வாங்க உதவினார்கள்.

வாங்கியதைத் திருப்பித் தருவது

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. படம் எடுப்பவர் ஒருவரின் வீட்டுக்குள் நுழைகிறார். அவர் முகம், பேச்சு, அறிவு எல்லாவற்றையும் எடுத்துப் போகிறார். பதிலுக்கு எதைத் தருகிறார்?

விதை வாங்கியவர் விதையைத் திருப்பித் தருகிறார். தேன் எடுத்தவர் பாதியை விட்டு வருகிறார். படம் எடுப்பவருக்கும் அதே நியாயம்தான். எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். எடுத்ததை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்ட வேண்டும். வருமானம் வந்தால் அவர்களுக்கும் பங்கு வேண்டும். இன்று கைப்பேசி வைத்திருக்கும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். ஆகவே இந்த நியாயம் எல்லோருக்கும் பொருந்தும்.

படம் பார்ப்பவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. படத்தில் உள்ள நெல் முளைக்காது. வயலில் விதைத்த நெல்தான் முளைக்கும். படம் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் ராமனின் விதைக்கு எந்தப் பயனும் இல்லை. அந்த அரிசியை நாலு பேர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் அதை விதைப்பவருக்குத் தெம்பு வரும்.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை கைரளி வளாகத்தில் ஆவணப்பட விழா நடக்கும்போது போய்ப் பாருங்கள். படம் முடிந்ததும் மூன்று கேள்விகளைப் பேசிப் பாருங்கள்.

1. இந்தப் படத்தை எடுத்தவர் யார்? பணம் கொடுத்தவர் யார்?

2. படத்தில் வந்தவர்கள் தாங்களே பேசினார்களா? அவர்களுக்காக வேறு யாராவது பேசினார்களா?

3. அவர்களிடமிருந்து கற்றதில் எதைத் திருப்பித் தர முடியும்?

இன்னொன்றும் செய்யலாம். உங்கள் வீட்டிலும் தெருவிலும் பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கீரை எந்த மாதம் வரும், எந்த இலை எந்தக் காயத்துக்கு ஆகும், எந்த மாவடு ஊறுகாய்க்கு நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். உட்கார்ந்து கேளுங்கள். இப்போது உங்களுக்கு எழுதத் தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சொன்னவர் பெயரோடும் தேதியோடும் எழுதி வையுங்கள். எழுதி முடித்ததும் சொன்னவரிடமே உரக்கப் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவரே திருத்துவார்.