தொலைந்த பொற்சுரங்கமும் சான்றுகளின் எடையும்



ஒரே செய்யுளுக்கு நான்கு ஏடுகள் நான்கு பாடங்களைத் தருமாயின், நல்ல பதிப்பாசிரியர் எப்பாடம் இனிக்கிறது என்று முதலில் பார்ப்பதில்லை. எந்த ஏடு மூத்தது, எது எதைப் பார்த்து எழுதப்பட்டது, எங்கே படியெடுத்தவரின் கை புகுந்தது என்றே பார்க்கிறார். இதே பணியை ஏட்டுக்கு மாறாக ஒரு மலையின் முன் நின்று செய்ய வேண்டியவர்களாய் இருந்தும், அதைச் செய்யாமல் விட்டவர்களின் வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் தேடப்பட்டுவரும் 'டச்சுக்காரரின் தொலைந்த சுரங்கம்' பற்றிய வரலாறே அது.

பீனிக்ஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் சூப்பர்ஸ்டிஷன் மலைத்தொடர் நிற்கிறது. அதன் நடுவே வீவர் ஊசி எனப்படும் ஒற்றைப் பாறைத்தூண் வானை நோக்கி எழுந்திருக்கிறது. அம்மலையில் ஒருவர் பெரும் பொற்சுரங்கம் கண்டார் என்றும், அதன் இடத்தை மறைத்தே மாண்டார் என்றும் கூறுவர். அவர் பெயர் ஜேக்கப் வால்ட்ஸ். பிறப்பால் ஜெர்மானியர். ஜெர்மானியரின் தாய்மொழிப் பெயராகிய 'டாய்ச்' என்பது அமெரிக்கர் நாவில் 'டச்சு' எனத் திரிந்தமையால் அவர் டச்சுக்காரர் ஆனார். கதையின் பெயரிலேயே ஒரு பாடபேதம் புகுந்துவிட்டது.

முதலில் ஆவணங்கள் சொல்வதைக் காணலாம். வால்ட்ஸ் 1861-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1860-களில் அரிசோனாவின் பிராட்ஷா மலைப்பகுதியில் சுரங்க உரிமைப் பதிவுகளில் அவர் பெயர் காணப்படுகிறது. 1868 அளவில் சால்ட் ஆற்றங்கரையில் நிலம் பிடித்து உழவராக வாழத் தொடங்கினார். 1891 பிப்ரவரியில் அவ்வாற்றில் பெருவெள்ளம் வந்து அவர் பண்ணையை அழித்தது. நோயுற்ற முதியவரை ஜூலியா தாமஸ் என்னும் பெண்மணி பீனிக்ஸில் தம் இல்லத்தில் வைத்துப் பேணினார். 1891 அக்டோபர் 25 அன்று அங்கேயே வால்ட்ஸ் இறந்தார். சூப்பர்ஸ்டிஷன் மலையில் அவர் பெயரால் சுரங்க உரிமை ஏதும் பதிவானதாக அறியப்படவில்லை. சுரங்கப் பதிவு முறையை நன்கறிந்த ஒருவர் தம் வாழ்நாளின் பெருங்கண்டுபிடிப்பைப் பதியாமல் விட்டார் என்பது, கதையை நம்புவோரும் நம்பாதோரும் விளக்கியாக வேண்டிய முதற்செய்தி.

இனிக் குறிப்புகள். மரணப்படுக்கையில் வால்ட்ஸ் சொன்னதாக வழங்குபவை பல. மறையும் கதிரவனின் ஒளி சுரங்க வாயிலில் விழும் என்பது ஒன்று. படைவீரர் வழியைச் சுரங்கத்திலிருந்து காணலாம், வழியிலிருந்து சுரங்கத்தைக் காண இயலாது என்பது மற்றொன்று. பிற்பகல் நான்கு மணிக்கு வீவர் ஊசியின் நிழல் விழும் இடத்தில் புதையல் உள்ளது என்பது இன்னொன்று. கேட்கும்போது மூன்றும் ஒரே எடை உடையனபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றிடமும் மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இதை முதலில் கேட்டவர் யார்? கேட்டதற்கும் எழுத்தில் ஏறியதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள், எத்தனை வாய்கள்? இக்குறிப்பு எத்தனை இடங்களை விலக்குகிறது?

மூன்றாம் வினாவே பலரும் கேட்க மறப்பது. மறையும் கதிரவனின் ஒளி விழும் என்பது மேற்கு நோக்கிய எல்லாச் சரிவுகளுக்கும் பொருந்தும். கிழக்கு நோக்கியவற்றை மட்டுமே அது விலக்குகிறது. படைவீரர் வழி என்பதும் அத்தகையதே. அபாச்சி மக்களுடன் நடந்த போர்க்காலத்தில் அம்மலைகளின் ஊடே படைகள் சென்ற தடம் ஒன்று மட்டுமன்று. எந்தத் தடம் என்று சொல்லாத குறிப்பு எந்தப் பள்ளத்தாக்கையும் விலக்காது.

நிழற்குறிப்பு துல்லியமானதுபோல் தோன்றுகிறது. அதையே கணக்கில் வைத்துப் பார்க்கலாம். வீவர் ஊசி வட அகலக்கோடு 33 பாகைக்குச் சற்று மேலே உள்ளது. ஜூன் மாதக் கடைசியில், கதிரவனைக் கொண்டு கணிக்கும் பிற்பகல் நான்கு மணிக்கு, அதன் நிழல் ஏறத்தாழ நேர்கிழக்கே, சற்றுத் தெற்கு சாய்ந்து விழும். சமநிலமாயின் நீளம் பாறையின் உயரத்தைப் போல் ஒன்றேகால் பங்கிற்குச் சற்று மிகும். டிசம்பர்க் கடைசியில் அதே மணிக்கு நிழல் வடகிழக்கே திரும்பி, உயரத்தைப் போல் ஆறு மடங்கு நீளும். இரு நிழல்களுக்கும் இடையே 40 பாகைக்கு மேல் வேறுபாடு. மாதம் சொல்லாமல் மணி மட்டும் சொல்லும் குறிப்பு ஒரு புள்ளியைக் காட்டவில்லை. ஒரு மலைச்சரிவு முழுவதையும் காட்டுகிறது. சொல்லின் துல்லியம் வேறு, பொருளின் துல்லியம் வேறு.

இனித் தாதுக்கல்லைப் பார்ப்போம். வால்ட்ஸின் கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் பொன் செறிந்த கற்கள் இருந்தன என்பது மரபு. அவற்றிலிருந்து எடுத்த பொன்னால் செய்ததாகச் சொல்லப்படும் தீப்பெட்டிக் கூடு ஒன்றும் தேடுவோரிடையே புகழ்பெற்றது. மனிதர் வாய் பொய்க்கலாம், கல் பொய்க்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் கல் தன்னைக் கேட்ட வினாவுக்கு மட்டுமே விடை சொல்லும்.

நம் பொற்கொல்லர் கட்டளைக்கல்லில் உரைத்து மாற்றுக் காண்பர். அவ்வுரை பொன்னின் தூய்மையைச் சொல்லும்; அப்பொன் பிறந்த ஊரைச் சொல்லாது. இன்றைய ஆய்வகம் அதனினும் ஒரு படி மேலே செல்லும். இயற்கைப் பொன்னில் வெள்ளி கலந்திருக்கும். செம்பு, பாதரசம் முதலியனவும் நுண்ணளவில் கலந்திருப்பதுண்டு. அக்கலவையைக் கைரேகைபோல் கொண்டு, திருட்டுப் பொன் எச்சுரங்கத்தைச் சேர்ந்தது என்று காணும் முறை 1990-களில் வளர்ந்தது. லேசர் கதிரால் மாதிரியின் மிக நுண்ணிய துகளை ஆவியாக்கி அதன் தனிமங்களை அளப்பர். ஆயின் கைரேகையால் ஆளைக் காண, ஒப்பிடுவதற்குரிய கைரேகைத் தொகுப்பு முன்பே இருத்தல் வேண்டும்.

ஆகவே ஒரு கல் அறியப்பட்ட சுரங்கங்கள் எதனோடும் ஒத்துவரவில்லை என்று ஆய்வு கூறினால், புதிய சுரங்கம் உண்டு என்பது முடிவாகாது. ஒப்பிட்ட மாதிரிகளுள் அது இல்லை என்பதே முடிவு. ஒரே நரம்பிலும் மேற்பகுதிப் பொன்னும் ஆழத்துப் பொன்னும் கலவையில் வேறுபடலாம். கைநிறைய அள்ளிய செறிந்த கல்லும், ஆலையில் அரைபடும் சாதாரணக் கல்லும் ஒத்திரா. அன்றியும், உருக்கி அணியாக்கிய பொன்னில் கொல்லர் சேர்த்த உலோகமும் கலந்திருக்கக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கற்கள் வால்ட்ஸின் கையிலிருந்து ஆய்வாளரின் கைக்கு வந்த வழியில் ஓரிடம் அறுந்திருந்தாலும், ஆய்வு கல்லைப் பற்றியதாகுமே அன்றி வால்ட்ஸைப் பற்றியதாகாது.

மலையின் பாறையும் ஒரு சாட்சி. சூப்பர்ஸ்டிஷன் தொடரின் பெரும்பகுதி ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய சாம்பலும் குழம்பும் இறுகிய பாறை. மேற்கே மலையடிவாரத்தில் கோல்டுஃபீல்டு என்னும் இடத்தில் 1890-களில் உண்மையாகவே பொன் எடுத்தனர். அங்கே பொன் கிடைத்தது அதனினும் மிகப் பழைய பாறைகளில். ஆகவே எரிமலைப் பாறையில் தேடுவது வீண் என்று சிலர் முடித்துவிடுவர். அதுவும் அவசர முடிவே. கொலராடோ மாநிலத்துக் கிரிப்பிள் கிரீக்கில் 1890-களில் கிடைத்த பெருஞ்செல்வம் எரிமலைப் பாறையிலிருந்தே வந்தது. நம்புவோரின் குறிப்பை எடைபோடும் அதே தராசில் ஐயுறுவோரின் வாதத்தையும் வைத்தாக வேண்டும். வால்ட்ஸின் பொன் வேறொரு சுரங்கத்திலிருந்து கடத்தப்பட்டது என்னும் கருத்துக்கும் இது பொருந்தும். அதுவும் சான்று காட்டியே நிற்க வேண்டும்.

இவையெல்லாம் ஓய்வுநேரத் தருக்கம் என்று எண்ணலாகாது. 1931 ஜூன் மாதத்தில், பாலை வெயில் கொளுத்தும் காலத்தில், அடால்ப் ரூத் என்னும் முதியவர் தம் மகன் வழியாகக் கிடைத்த பழைய வரைபடங்களை நம்பி அம்மலைக்குள் சென்றார். திரும்பவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மண்டையோடு இரு துளைகளுடன் கிடைத்தது. அடுத்த ஆண்டு சனவரியில் பிற எலும்புகள் வேறோர் இடத்தில் கிடைத்தன. உடைமைகளிடையே, இடத்தைக் கண்டுவிட்டதுபோல் தொனிக்கும் ஒரு குறிப்பும் இருந்தது. ஒரு மனிதரின் அழிவுக்குச் சான்றாக வேண்டிய அத்தாள், சுரங்கம் உண்டு என்பதற்கான புதிய குறிப்பாகப் படிக்கப்பட்டது. 2010 ஜூலையில் யூட்டா மாநிலத்திலிருந்து மூவர் தேடிச் சென்றனர். 2011 சனவரியில் அவர்கள் உடல்களே கிடைத்தன. இத்தனைக்கும் 1984 தொடக்கத்திலிருந்து அக்காட்டுப்பகுதியில் புதிய சுரங்க உரிமை பெறச் சட்டம் இடம் தரவில்லை. கண்டாலும் தோண்ட முடியாத பொன்னுக்காக இறந்தவர்கள் அவர்கள்.

இறுதியாக, எல்லாச் சான்றுகளையும் அடுக்கினால் மேலே நிற்பது எது? மறைந்தவரின் வாய்ச்சொல்லை நேரே கேட்கும் நிலையில் இருந்தவர் ஜூலியா தாமஸ். அவருக்கும் மூலத்துக்கும் இடையே படியெடுத்தவர் எவரும் இல்லை. வால்ட்ஸ் இறந்து ஓராண்டு நிறையுமுன், 1892 ஆகஸ்டில், தம் கடையை விற்ற பணத்தைச் செலவிட்டு, துணைக்கு ஆள் சேர்த்துக்கொண்டு அவர் மலையேறினார். வாரக்கணக்கில் தேடி வெறுங்கையுடன் திரும்பினார். அவ்வாண்டுச் செப்டம்பர் தொடக்கத்தில் செய்தித்தாள் ஒன்று அத்தேடலைச் செய்தியாக்கியது. 1895 சனவரியில் சான் பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றில் பிக்னெல் என்பவர் எழுதிய கட்டுரை அக்கதையை நாடறியச் செய்தது. ஜூலியா தாமஸ் 1917-இல் காலமானார்.

மூல ஏட்டை நேரே பார்த்தவருக்கே விளங்காத வரி, நூறாம் படியைப் பார்ப்பவருக்கு விளங்குமா? விளங்கியதுபோல் தோன்றினால், அத்தெளிவு இடையில் வந்தவர்கள் சேர்த்தது என்றே கொள்ள வேண்டும். அப்பெண்மணி வெறுங்கையுடன் திரும்பினார் என்பது சுரங்கம் இல்லை என்பதற்கு முடிந்த சான்றாகாது. ஆனால் பின்வந்த எந்தக் குறிப்பும், எந்த வரைபடமும், எந்தக் கல்லும் முதலில் அதனோடு நிறுத்துப் பார்க்கப்பட வேண்டும். அப்படி நிறுத்துப் பார்த்திருந்தால் சிலரேனும் தம் வீடு திரும்பியிருப்பர்.