கையின் பேச்சைக் கேட்ட மவுஸ்



கணினியை முழங்காலால் இயக்க முடியுமா? கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 1960களின் நடுவில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மென்லோ பார்க் என்ற ஊரில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மேஜைக்கு அடியில் ஒரு நெம்புகோல் இருக்கும். அதை முழங்காலால் அசைத்தால் திரையில் உள்ள குறி நகரும். இரண்டு கைகளும் விசைப்பலகையிலேயே இருக்கலாம் அல்லவா? அதுதான் யோசனை. அதே சோதனையில் ஒளிப்பேனா இருந்தது, ஜாய்ஸ்டிக் இருந்தது. கூடவே, உள்ளங்கையில் அடங்கும் ஒரு மரக்கட்டையும் இருந்தது. அந்த மரக்கட்டையின் வாரிசுதான் இன்று நம் மேஜை மேல் இருக்கும் மவுஸ்.

அதைக் கற்பனை செய்தவர் டக்ளஸ் எங்கல்பார்ட். ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். அவர் சொன்ன யோசனையைக் கேட்டு 1964இல் அதை உருவாக்கிக் கொடுத்தவர், அவருடைய சகா பில் இங்கிலிஷ். கட்டையின் அடியில் இரண்டு உலோகச் சக்கரங்கள், ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும். ஒன்று இடவல நகர்வை அளக்கும், மற்றொன்று மேல்கீழ் நகர்வை அளக்கும். மேலே ஒரு மூலையில் ஒரே ஒரு பட்டன். அவ்வளவுதான்.

சோதனையின் முடிவு சுவாரஸ்யமானது. அன்றுதான் புதிதாகக் கருவியைத் தொட்டவர்களுக்கு ஒளிப்பேனாவும் முழங்கால் நெம்புகோலும் மவுஸைவிட நன்றாகக் கைகொடுத்தன. ஆனால் கொஞ்சம் பழகியவர்களிடம் மவுஸ்தான் முந்தியது. வேகமும் கூடுதல், பிழையும் குறைவு. ஆக, எது நல்ல கருவி என்பதை நிபுணர்கள் கூடி உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. பயன்படுத்துகிறவரின் கையை உற்றுப் பார்த்து, நேரத்தை அளந்து முடிவு செய்தார்கள். மவுஸின் அறுபது ஆண்டுக் கதையில் திரும்பத் திரும்ப வருவது இந்த விஷயம்தான். கையைக் கவனித்துச் செய்த மாற்றங்கள் நிலைத்தன. கண்ணை மட்டும் கவனித்துச் செய்தவை சிக்கலில் மாட்டின.

1968 டிசம்பர் 9ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் ஒரு கணினி மாநாடு. சுமார் ஆயிரம் பேர் அமர்ந்திருந்த அரங்கில் எங்கல்பார்ட் தொண்ணூறு நிமிடம் செயல்விளக்கம் காட்டினார். வலக்கையில் மவுஸ், இடக்கையில் ஐந்தே விசைகள் கொண்ட ஒரு சிறிய பலகை. திரையில் எழுத்துகளை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினார். வேறு ஊரில் இருந்த சகாவோடு திரை வழியாகப் பேசிக்கொண்டே வேலை செய்தார். துளை போட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுக் கணக்கின் விடைக்காகக் காத்திருந்த காலம் அது. அந்த இடக்கைப் பலகையும் மவுஸுக்குச் சமமானது என்றே எங்கல்பார்ட் நினைத்தார். ஆனால் ஐந்து விசைகளைச் சேர்த்துச் சேர்த்து அழுத்தி எழுத்துகளை வரவழைக்க மாதக்கணக்கில் பழக வேண்டும். மவுஸுக்குச் சில நிமிடம் போதும். ஒன்று உலகம் சுற்றியது, மற்றொன்று அருங்காட்சியகத்துக்குப் போனது.

இதில் ஒரு போட்டிக் கதையும் உண்டு. அந்த மாநாட்டுக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு, 1968 அக்டோபரில், ஜெர்மனியின் டெலிபுங்கன் நிறுவனம் தன் விளம்பரக் கையேட்டில் இதே போன்ற ஒரு கருவியைக் காட்டியிருந்தது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் ராடார் மேஜைகளில் அப்போதே உருளைப் பந்து ஒன்று பதித்திருப்பார்கள். அந்தப் பந்தைக் கையால் உருட்டிக் குறியை நகர்த்துவார்கள். ஜெர்மன் பொறியாளர்கள் அந்த அமைப்பை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்கள். பந்து அடியில், கை மேலே. எங்கல்பார்டைப் பற்றி ஏதும் அறியாமலே அவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

தலைகீழாகக் கவிழ்த்ததில் ஒரு பெரிய நன்மை இருந்தது. எங்கல்பார்டின் சக்கர மவுஸைச் சாய்வாக இழுத்தால் சக்கரங்கள் உருள்வது பாதி, தேய்வது பாதி என்று போகும். பந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்தப் பக்கம் தள்ளினாலும் உருளும். 1970களில் பில் இங்கிலிஷ் பாலோ ஆல்டோவில் இருந்த ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்துக்கு மாறினார். அங்கேயும் சக்கரத்தின் இடத்தைப் பந்து பிடித்தது. அந்த மையத்தின் ஆல்டோ கணினியோடு மூன்று பட்டன் மவுஸ் வந்தது. 1981இல் ஜெராக்ஸ் தன் ஸ்டார் கணினியை மவுஸோடு கடைக்குக் கொண்டுவந்தது. விலை 16 ஆயிரம் டாலருக்கு மேல். சாதாரண மனிதர் எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலை.

இங்கேதான் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் வருகிறார். 1979இல் ஜெராக்ஸ் மையத்துக்குப் போய் மவுஸைப் பார்த்தார். பிறகு டீன் ஹவி என்ற இளம் வடிவமைப்பாளரை அழைத்தார். ஜெராக்ஸ் மவுஸுக்கு 300 டாலர் ஆகிறது, இரண்டு வாரத்தில் பழுதாகிறது, எனக்குப் பதினைந்து டாலருக்குள் வேண்டும், இரண்டு வருடமாவது உழைக்க வேண்டும், சாதாரண மேஜை மேலும் ஓட வேண்டும், என் ஜீன்ஸ் துணி மேலும் ஓட வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை.

ஹவி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போகவில்லை, கடைக்குப் போனார். அக்குளில் உருட்டிப் பூசும் டியோடரண்ட் புட்டிகளை வாங்கி, அவற்றின் பந்துகளைக் கழற்றினார். வெண்ணெய் வைக்கும் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, பந்தை அதற்குள் வைத்து உருட்டிப் பார்த்தார். ஆப்பிள் மவுஸின் முதல் மாதிரி இப்படித்தான் பிறந்தது. அவருடைய குழு கண்டுபிடித்த முக்கியமான விஷயம் இன்னொன்று. பந்தை இறுக்கிப் பிடித்து வைக்க வேண்டியதில்லை. அதன் எடையாலேயே அது மேஜை மேல் அமர்ந்து உருளட்டும் என்று விட்டுவிட்டார்கள். பாகங்கள் குறைந்தன, செலவும் குறைந்தது. அடியில் ஒரு வளையத்தைத் திருகினால் பந்து கையில் வந்து விழும், துடைத்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

பட்டன் எத்தனை என்பதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. மூன்று பட்டன் இருந்தால் எதை அழுத்துவது என்று புதியவர்கள் தடுமாறினார்கள். கணினி தெரியாதவர்களை உட்கார வைத்துப் பார்த்த ஆப்பிளின் லாரி டெஸ்லர், ஒன்று போதும் என்று வாதாடினார். 1983இல் லிசா கணினியும் 1984இல் மெக்கின்டாஷும் ஒற்றைப் பட்டன் மவுஸோடு வந்தன. மைக்ரோசாப்ட் 1983இல் வெளியிட்ட மவுஸில் பட்டன் இரண்டு. நம் ஊர்க் கணினிகளில் நிலைத்தது அந்த இரண்டு பட்டன் வழக்கம்தான்.

பந்து மவுஸை நம்மில் பலர் நேரில் அறிவோம். 2000ஆம் ஆண்டை ஒட்டி பிரவுசிங் சென்டர்களில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்கார்ந்தவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். அம்புக்குறி வலப்பக்கம் போகும், மேலே போகச் சொன்னால் போகாது. தட்டிப் பார்ப்பார்கள், அப்போதும் நகராது. அப்புறம் கவிழ்த்து, மூடியைத் திருகி, பந்தை எடுத்துச் சட்டையில் துடைப்பார்கள். கோளாறு பந்தில் இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் இரண்டு மெல்லிய உருளைகள் தெரியும். பந்து உருளும்போது அவற்றைச் சுழற்றும். உருளையின் முனையில் பல் பல்லாக வெட்டிய ஒரு வட்டு. வட்டின் ஒரு பக்கம் சின்ன விளக்கு, மறுபக்கம் ஒளியை உணரும் சில்லு. வட்டு சுழலும்போது ஒளி விட்டு விட்டு விழும். அதை எண்ணித்தான் எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று கணினி தெரிந்துகொள்ளும். மேஜைத் தூசியும் கை வியர்வையும் சேர்ந்து அந்த உருளைகளில் கறுப்பாக ஒரு பட்டை கட்டிவிடும். அதை நகத்தால் சுரண்டி எடுத்த பிறகுதான் அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்கும்.

நடுவில் இன்னொரு நல்ல மாற்றம் வந்தது, சக்கரம். மைக்ரோசாப்டில் எக்செல் பிரிவில் இருந்த எரிக் மிக்கெல்மன், பெரிய பெரிய அட்டவணைகளில் மேலும் கீழும் போக மக்கள் படும் பாட்டைக் கவனித்தார். திரையின் ஓரத்தில் இருக்கும் பட்டையைத் தேடிப் பிடித்து இழுக்க வேண்டும், பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். முதலில் அவர் யோசித்தது இடக்கைக்குத் தனியாக ஒரு ஜாய்ஸ்டிக். பேசிப் பேசி, சோதித்துச் சோதித்து, கடைசியில் அது இரண்டு பட்டன்களுக்கு நடுவே ஒரு சக்கரமாக வந்து அமர்ந்தது. 1996இல் இன்டெலிமவுஸ் என்ற பெயரில் வெளியானது. சக்கரம் வைத்த மவுஸ் அதற்கு முந்தைய ஆண்டே ஒன்று வந்திருந்தது என்றாலும், வீட்டுக்கு வீடு கொண்டுபோனது இதுதான். இன்று சக்கரம் இல்லாத மவுஸைக் கொடுத்தால் ஆள்காட்டி விரல் தானாகவே தேடும்.

அழுக்குக்கு முடிவு கட்டியது ஒளி. ஒளியால் இயங்கும் மவுஸ் 1980களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குக் கட்டமோ புள்ளியோ அச்சிட்ட தனிப் பலகை வேண்டும். பலகை தொலைந்தால் மவுஸும் வீண். 1999இல் வந்த சென்சார்தான் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. ஹியூலெட் பேக்கர்டு நிறுவனம் கையடக்க ஸ்கேனர் ஒன்றுக்காக வளர்த்த நுட்பம் அது. மைக்ரோசாப்ட் அதைத் தன் மவுஸில் பொருத்தியது.

அது வேலை செய்யும் விதம் அழகானது. சிவப்பு விளக்கு மேஜைமேல் சாய்வாக விழுகிறது. நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் காகிதத்தில்கூட நார்கள் உண்டு, மேடுபள்ளங்கள் உண்டு. சாய்ந்த ஒளியில் அவற்றின் நிழல்கள் துலங்கும். அடியில் இருக்கும் நுண்ணிய கேமரா அதை விநாடிக்கு 1,500 முறை படமெடுத்தது. ஒவ்வொரு படத்திலும் சில நூறு புள்ளிகள்தான். முதல் படத்தில் இங்கே இருந்த நிழல் அடுத்த படத்தில் எங்கே போனது என்று ஒப்பிட்டுப் பார்த்தால் மவுஸ் நகர்ந்த திசையும் தூரமும் கிடைத்துவிடும். ஓடும் ரயிலின் ஜன்னலில் மரங்கள் பின்னால் போவதைப் பார்த்து வேகத்தை ஊகிக்கிறோமே, அதே கணக்கு. கண்ணாடி மேஜையில் அது திணறியதற்கும் காரணம் இதுதான். பிடித்துக்கொள்ள அங்கே நிழல் இல்லை. 2004இல் லாஜிடெக் லேசர் ஒளியைக் கொண்டுவந்தது. 2009இல் கண்ணாடி மேலும் ஓடும் மவுஸைச் செய்தது.

இவ்வளவு பாடம் கற்ற பிறகும் சறுக்கல்கள் நடந்தன. 1998இல் ஆப்பிள் தன் வண்ணமயமான ஐமேக் கணினியோடு வட்டமான மவுஸ் ஒன்றைக் கொடுத்தது. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் வட்டத்துக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது? குனிந்து பார்க்காமல் பிடித்தால் மவுஸ் கோணலாக இருக்கும். நேராகத் தள்ளினால் அம்புக்குறி சாய்வாக ஓடும். உள்ளங்கைக்கும் அண்டக் கொடுக்க இடம் இல்லை. பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரிய ஒரு சின்னக் குழியைப் பின்னர் சேர்த்துப் பார்த்தார்கள். 2000இல் அந்த வடிவமே கைவிடப்பட்டது. அதே நிறுவனம் 2015இல் கொண்டுவந்த மேஜிக் மவுஸில் சார்ஜ் ஏற்றும் துளையை அடிப்பக்கத்தில் வைத்தது. சார்ஜ் ஏறும்வரை மவுஸ் மல்லாந்து படுத்திருக்க வேண்டும், வேலை செய்ய முடியாது. கேலிகள் குவிந்தன. ஆனாலும் 2024இல் வந்த புதிய பதிப்பிலும் துளை அதே இடத்தில்தான் இருக்கிறது.

எங்கல்பார்டுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். 1970இல் காப்புரிமை வந்தது, ஆனால் அது அவர் வேலை பார்த்த நிறுவனத்துக்குச் சொந்தம். ஆப்பிளுக்குச் சுமார் 40 ஆயிரம் டாலருக்கு உரிமம் கொடுத்தார்கள். உலகமே மவுஸ் வாங்கத் தொடங்கும் முன்பே, 1987இல், காப்புரிமை காலாவதியானது. உரிமத் தொகையாக அவர் கைக்கு ஒரு காசு வரவில்லை. 1997இல் கணினித் துறையின் உயரிய டூரிங் விருதும், அரை மில்லியன் டாலர் மதிப்புள்ள லெமல்சன் எம்.ஐ.டி. பரிசும் அவரைத் தேடி வந்தன. 2013இல் காலமானார்.

கடையில் மவுஸ் வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கதையில் உபயோகமான செய்தி இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் பெரிய எண்களை நம்பி வாங்காதீர்கள். கடைக்காரரிடம் ஒரு மாதிரியைக் கேட்டு வாங்கி, கண்ணை வேறெங்காவது வைத்துக்கொண்டு கையை அதன் மேல் வையுங்கள். முன்பக்கம் எதுவென்று பார்க்காமலே தெரிகிறதா? மணிக்கட்டு மடங்காமல் இருக்கிறதா? சுண்டு விரல் மேஜையில் உரசிக்கொண்டே வருகிறதா? நாள் முழுக்கக் கணினியில் உட்காருகிறவர், முன்கை முறுக்கிக்கொள்வதாக உணர்ந்தால், கைகுலுக்கும் வாக்கில் பிடிக்கும் செங்குத்து மவுஸையும் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலக்கைக்கென்று வளைத்த மவுஸோடு மல்லுக்கட்ட வேண்டாம், இரு பக்கமும் ஒரே மாதிரியாக உள்ளதைக் கேளுங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் அந்நியமாகத் தோன்றினால் உடனே ஒதுக்கிவிடவும் வேண்டாம். மென்லோ பார்க் சோதனையிலும் முதல் நாள் மவுஸ் பின்தங்கித்தான் இருந்தது. இரவல் வாங்கி ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகும் கை ஒத்துவரவில்லை என்றால், விலை எவ்வளவானாலும் அந்த மவுஸ் உங்களுக்கானது அல்ல.