ஒரு கோப்பை சூடான சொக்கலேற்

(தைப்பொங்கலை அடுத்த ஞாயிறன்று எமது சங்கத்தில் நடைபெற்ற பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை. பேச்சின் போக்கை மாற்றாமல் புத்தாண்டு மலருக்காக இங்கே தருகிறோம்.)



"அக்கா, ஒரு சமையல் விஷயம் பேசுங்கோ" என்று செயலாளர் தம்பி கேட்டபோது நான் முதலில் மாட்டன் எண்டுதான் சொன்னனான். தோசையும் வடையும் கொழுக்கட்டையும் என்னைவிட நல்லாச் செய்கிறவை இந்த மண்டபத்திலேயே இருக்கினம். பிறகு யோசிச்சுப் பார்த்தன். நான் 1992 இல் இந்தப் பலெர்மோவுக்கு வந்தனான். அன்று தொடக்கம் என்ர வாழ்நாளில் பாதி, வேறு ஆக்களின்ர குசினியில்தான் கழிந்தது. அங்கே படிச்ச ஒண்டை எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்த கதையைச் சொல்லலாம் எண்டு நினைச்சன். அதுதான் இத்தாலியர் "ச்சொக்கொலாத்தா கால்டா" எண்டு சொல்லுகிற சூடான சொக்கலேற்.

சிலர் நினைக்கலாம், இதென்ன, பாலுக்குள்ள மைலோ கரைக்கிற மாதிரித்தானே எண்டு. இல்லை. மைலோ தண்ணி மாதிரி ஓடும். இது கரண்டியில் ஒட்டும். குடிக்கிறதோ சாப்பிடுகிறதோ எண்டு சந்தேகம் வரவேண்டும். அதுதான் இதன் பதம்.

வேலை வீட்டில் படித்தது

நான் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா வயது போனவ. மார்கழி, தை மாதங்களில் பின்னேரம் ஐந்து மணிக்கு அவவின்ர பேரன் பள்ளிக்கூடத்தால வந்து நிற்பான். இங்கத்தைக் குளிர் உங்களுக்குத் தெரியும். பனி கொட்டாது, ஆனால் பழைய வீடுகளில் சூடாக்கி இல்லை. கல்நிலத்தாலும் சுவராலும் ஈரக்குளிர் ஏறி எலும்புக்குள்ள போகும். அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் கோப்பை சொக்கலேற். முதல் ஒரு கிழமை சிஞ்ஞோரா பக்கத்தில நிண்டு சொல்லித் தந்தா. பிறகு நானே காய்ச்சினன். இப்படிப் பன்னிரண்டு வருஷம்.

2004 ஆம் ஆண்டு எண்டு நினைவு. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வேலைநிறுத்தம். என்ர மகனுக்கு அப்போது எட்டு வயது. விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல் வேலை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனன். பின்னேரம் நான் சொக்கலேற் காய்ச்ச, அவன் குசினி மூலையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டார் நல்லவை. அவனுக்கும் ஒரு கோப்பை குடுத்தவை. ஆறுதலாக, ஒரு சொட்டு மிச்சம் விடாமல் குடிச்சான்.

திரும்பி வரேக்க பஸ்ஸில் கேட்டான்: "அம்மா, இது உங்களுக்குச் செய்யத் தெரியுமே?"

"தெரியும் அப்பு."

"அப்ப எங்கட வீட்டில ஏன் செய்யிறேல்ல?"

அவன் கோபத்தில் கேட்கவில்லை. தெரிஞ்சுகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. காசு இல்லை எண்டு சொல்ல ஏலாது. அதற்கான சாமானுக்குப் பெரிய செலவு இல்லை. நேரம் இல்லை எண்டும் சொல்ல ஏலாது; இருபது நிமிஷ வேலை. உண்மை என்னவெண்டால், அது வேலை வீட்டுச் சாமான், எங்களுக்குரியது இல்லை எண்டு என்ர மனம் தானாகவே ஒரு கோடு கீறி வைச்சிருந்தது. வேறொரு பிள்ளைக்குப் பன்னிரண்டு வருஷம் காய்ச்சிய கை, சொந்தப் பிள்ளைக்கு ஒரு நாளும் காய்ச்சவில்லை.

இந்த மண்டபத்தில் இருக்கிற தாய்மாரில் எத்தனை பேருக்கு இது விளங்கும் எண்டு எனக்குத் தெரியும். பிள்ளை பார்க்கிற வேலை, வயோதிபரைப் பார்க்கிற வேலை, வீடு துடைக்கிற வேலை. இளக்காரமான வேலை ஒன்றுமில்லை. அந்தச் சம்பளத்தில்தான் ஊரில் வீடு எழும்பினது, தங்கச்சிமார் கலியாணம் முடிச்சவை. ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கட பிள்ளைகள் திறப்பைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு தாங்களே கதவு திறந்து உள்ளே போனவை எண்டதையும் நாங்கள் மறக்கக் கூடாது.

கூழ் காய்ச்சத் தெரிந்தவருக்கு இது லேசு

அந்த ஞாயிறு வீட்டில் காய்ச்சினன். மெல்லிய அலுமினியச் சட்டி, பெரிய நெருப்பு, அவசரம். அடிப்பிடிச்சுப் போச்சு. மாவும் கட்டி கட்டியாய் நிண்டுது. மகன் ஒண்டும் சொல்லாமல் குடிச்சான், அதுதான் கூட வருத்தம்.

பிறகுதான் மூளை வேலை செய்தது. இது எங்கட கூழ்தானே! ஒடியற் கூழுக்கு ஒடியல் மாவைத் தண்ணியில் முதலே கரைச்சு வைச்சுப் பிறகு விடுகிறோம். ஆடிக் கூழுக்கு வறுத்த அரிசி மாவைக் கரைச்சு ஊத்தி, கை எடுக்காமல் துழாவுகிறோம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப் பிறப்புப் பாட்டில் பாடி வைத்த அந்தக் கூழின் முறைதான் இதற்கும். அங்கே பனங்கட்டி, இங்கே சொக்கலேற். அங்கே தேங்காய்ப்பால், இங்கே பசுப்பால். கையின் வேலை ஒன்றே.

நான்கு சின்னக் கோப்பைக்கு வேண்டியவை: கொழுப்பு எடுக்காத முழுப்பால் அரை லீற்றர். நூற்றுக்கு 70 வீதம் கொக்கோ உள்ள கறுப்புச் சொக்கலேற் 100 கிராம். சீனி சேராத கொக்கோத் தூள் 2 மேசைக்கரண்டி. சீனி 2 மேசைக்கரண்டி. சோளமா, மட்டமாக 1 மேசைக்கரண்டி. விரல் நீளக் கறுவாப்பட்டை ஒன்று. உப்பு ஒரு சிட்டிகை.

முதலில் சொக்கலேற்றைக் கத்தியால் சின்னச் சின்னதாய் வெட்டி வையுங்கோ. பாலில் கால்வாசியை எடுத்து வைத்துவிட்டு, மிச்சப் பாலைக் கறுவாவோடு தடித்த அடியுள்ள சட்டியில் சூடாக்குங்கோ. ஆவி வந்ததும் இறக்கி, மூடி, பத்து நிமிஷம் விடுங்கோ. கறுவாவின் வாசம் பாலில் இறங்கும்.

கொக்கோத்தூள், சீனி, சோளமா, உப்பு நான்கையும் காய்ந்த நிலையிலேயே கலந்து, எடுத்து வைத்த குளிர்ந்த பாலைக் கொஞ்சம் கொஞ்சமாய் விட்டுக் குழையுங்கோ. சூடான பாலில் மாவை நேரே கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே மா அப்படியே நிற்கும். கட்டி வருவது அதனால்தான்.

கறுவாவை எடுத்துவிட்டு, குழைத்ததைப் பாலில் விட்டு, சட்டியை மெல்லிய நெருப்பில் வையுங்கோ. இனிக் கை எடுக்கக் கூடாது. அகப்பை அடியைத் தொட்டுக்கொண்டே போகவேண்டும். ஐந்து நிமிஷம் அளவில் குமிழி எழும்பத் தொடங்கும், பால் தடிக்கும். இன்னும் ஒரு நிமிஷம் துழாவி இறக்குங்கோ. இல்லாவிட்டால் பச்சை மா மணக்கும்.

இறக்கிய பிறகுதான் வெட்டிய சொக்கலேற். நெருப்பில் இருக்கும்போது போட்டால் அடியில் ஒட்டிக் கருகும். பாலின் சூடே அதை உருக்கப் போதும். மினுமினுப்பு வரும்வரை துழாவி, இரண்டு நிமிஷம் ஆறவிட்டுக் குடுங்கோ. அகப்பையின் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு கீறினால் கோடு அழியாமல் நிற்கவேண்டும். கூழுக்குப் பார்க்கிற அதே பதம்.

பாலும் ஒத்துவராத ஆக்கள் தேங்காய்ப்பாலில் செய்யலாம். பல்லரோச் சந்தைப் பக்கத்துக் கடைகளில் ரின்னில் கிடைக்கும். இரண்டாம் பால் பதத்துக்குத் தண்ணி விட்டுக் காய்ச்சி, தடித்த பாலைக் கடைசியில் சேருங்கோ. நிறையக் கொதித்தால் திரைஞ்சு போகும்.

கடையில் பக்கற்றில் விற்கிற தூள் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கோ. எது கூட இருக்கிறதோ அதைத்தான் முதலில் எழுதவேண்டும் எண்டது இங்கத்தைச் சட்டம். "சூக்கெரோ" எண்டு முதலில் இருந்தால் நீங்கள் காசு குடுத்து வாங்குவது சீனி. எங்கட ஆக்களுக்குச் சலரோகம் கூட. ஆனபடியால் பெரியவர்களுக்குச் சீனியைக் குறைத்து, கோப்பி குடிக்கிற சின்னக் கோப்பையில் அரைவாசி போதும். இது தினமும் குடிக்கிற பானம் அல்ல.

கறுவாவின் பயணம்

கறுவாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். இந்தத் தீவின் தென்கிழக்கே மோதிக்கா என்ற ஊர் சொக்கலேற்றுக்குப் பெயர் போனது. அங்கே 1880 இல் தொடங்கிய பொனயூத்தோ கடை இன்றும் நடக்கிறது. மோதிக்காச் சொக்கலேற்றில் பால் சேர்ப்பதில்லை. குறைந்த சூட்டில் செய்வதால் சீனி கரையாமல் மணல் மாதிரி பல்லில் கடிபடும். எனக்கு முதல் துண்டிலேயே பனங்கட்டி ஞாபகம் வந்தது. 2018 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் குடுத்தது. அதில் பழைய வகைகளில் ஒன்று கறுவா போட்டது.

கொக்கோவை மெக்சிக்கோவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ஸ்பானியர். சிசிலியையும் அப்போது அவர்களே ஆண்டார்கள். கறுவா எங்கட நாட்டிலிருந்து போர்த்துக்கேயர் ஏற்றியது. 1580 தொடக்கம் 1640 வரை ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் ஒரே அரசன். 1619 இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து எங்கட கடைசி அரசனைக் கோவாவுக்குக் கொண்டுபோனபோது, யாருடைய பெயரில் பிடித்தார்களோ அதே மூன்றாம் பிலிப்புத்தான் பலெர்மோவுக்கும் அரசன். நாங்கள் இங்கே வந்து சேர நானூறு வருஷத்துக்கு முதலே எங்கட கறுவாவைத் தேடிக் கப்பல் வந்துபோனது. பிள்ளைகளே, "நாங்கள் எங்கேயோ இருந்து வந்த ஆக்கள்" எண்டு வகுப்பில் கூச்சப்படும்போது இதைச் சொல்லுங்கோ.

கடையில் "கன்னெல்லா" எண்டு விற்கிறதெல்லாம் எங்கட கறுவா அல்ல. ஒற்றைத் தடித்த பட்டையாய் மரம் மாதிரி இருந்தால் அது வேறு இனம். எங்கட கறுவா சுருட்டுப் போலப் பல மெல்லிய படையாய் இருக்கும், விரலால் நொறுங்கும்.

விரதகாரருக்கும் ஒரு செய்தி. தேத்தண்ணி குடித்தால் விரதம் முறியுமோ எண்டு நாங்கள் வாதாடுகிற மாதிரி, சொக்கலேற் குடித்தால் உபவாசம் முறியுமோ எண்டு இங்கத்தைப் பாதிரிமாரும் வாதாடினவை. 1664 இல் பிரன்காச்சியோ என்ற கர்தினால் முறியாது எண்டு ஒரு நூலே எழுதினார். அவருக்கு அது நல்ல விருப்பமாய் இருந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். உலகத்துக் கொக்கோவில் பாதிக்கு மேல் ஐவரிகோஸ்ற், கானா என்ற இரண்டு ஆபிரிக்க நாடுகளில் விளைகிறது. அங்கே விளைச்சல் கெட்டு, 2024 இல் ஒரு தொன் பத்தாயிரம் டொலரையும் தாண்டியது. ஆனாலும் அதை விளைவிக்கிற ஏழைக் கமக்காரர் பலர் சொக்கலேற்றை வாங்கிச் சாப்பிட வசதியில்லாதவர்கள். பல்லரோவில் எங்களோடு அடுத்தடுத்த வீடுகளில் கானா நாட்டுச் சனங்கள் இருக்கினம். பார்த்தால் ஒரு சிரிப்பாவது சிரியுங்கோ.

கடைசியாக ஒரு வேண்டுகோள்

அந்தப் பஸ் பயணத்துக்குப் பிறகு எங்கட வீட்டில் குளிர்காலத்து ஞாயிறு பின்னேரம் எண்டால் சொக்கலேற். மகனே துழாவுவான். அப்போதுதான் ஒண்டைக் கவனிச்சன். வீட்டில் அவன் தமிழ் கதைக்கிறது "பசிக்குது", "வாறன்", "போறன்" எண்ட அளவில்தான். சட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது கரை, குழை, துழாவு, வடி, ஆற்று, இறக்கு, பதம், கட்டி, அடிப்பிடிக்குது எண்டு வார்த்தைகள் தானாக வந்தன. புத்தகத்தில் படித்த சொல்லைச் சோதனை முடிய மறந்து விடுவான். கையால் படித்த சொல்லை மறக்கவில்லை.

இப்போது அவன் மிலானில் வேலை செய்கிறான். எங்கட பிள்ளைகள் பலரும் இப்படித்தான், வடக்குக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டினம். போன மார்கழியில் இரவு ரெலிபோன் எடுத்தான். "அம்மா, கறுவாவை மாவுக்கு முதலோ பிறகோ போடுறது? இது கட்டிபடுது, என்ன செய்ய?" எண்டு கேட்டான். முழுக்கத் தமிழில் கேட்டான். வடிதட்டில வடி அப்பு எண்டு சொல்லிப்போட்டு, போனை வைச்ச பிறகு கன நேரம் சும்மா இருந்தன்.

தாய்மாரே, தந்தைமாரே, சனி ஞாயிறிலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், தெரியும். கிழமையில் எந்த நாள் ஏலுமோ அந்த நாளில் இருபது நிமிஷம். சொக்கலேற் வேண்டாமெண்டால் கூழ் காய்ச்சுங்கோ, பாயாசம் காய்ச்சுங்கோ. அகப்பையைப் பிள்ளையின் கையில் குடுங்கோ. அடிப்பிடிச்சாலும் பரவாயில்லை, பேசாதேங்கோ. மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் குடுத்த அக்கறையில் ஒரு கோப்பை எங்கட பிள்ளைகளுக்கும் மிஞ்சட்டும்.

பின்னுக்குப் பெரிய சட்டியில் காய்ச்சி வைச்சிருக்கிறம். சின்னப் பிள்ளைகள் முதலில் வரட்டும். தலைவர் அவர்களுக்குச் சீனி போடாதது தனியாக இருக்கிறது.