முதல் குரூப்பில் யார் உட்காருகிறார்கள்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் கதை, கவிதை, தன்வரலாறு பற்றிப் பேசுவது நம் வழக்கம். இந்த ஆண்டு எலவனாசூர்கோட்டையில் கூடுவது என்று முடிவானதும், பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேசலாம் என்றோம். நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். இலக்கிய மேடையில் கணக்கா என்றார்கள். பாட்டும் கதையும் நம்மிடம் எப்போதும் இருந்தன. கணக்குப் புத்தகம்தான் அடுத்தவர் கையில் இருந்தது. அதனால்தான் இந்தப் பேச்சு.

அண்ணல் அம்பேத்கர் பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப்பள்ளியில் படித்தபோது நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு வந்து ஒரு கணக்கைப் போடச் சொன்னார். வகுப்பில் பெரும் கூச்சல். மற்ற பிள்ளைகள் தங்கள் சோற்றுப் பெட்டிகளைக் கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அவர் போய்ச் சேருவதற்குள் ஓடிப்போய்ப் பெட்டிகளை அகற்றினார்கள். அதே பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகம் எடுக்க வைத்தார்கள். 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். எந்தப் பாடத்தை யார் படிக்கலாம் என்பது அன்றைக்கே பள்ளிக்குள் முடிவான சங்கதி.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். கர்ணம் கணக்கு எழுதினார். நிலம் அளக்கும்போது சங்கிலி இழுத்தவர்களும், களத்தில் நெல் அளக்கையில் கூட நின்றவர்களும் வெட்டியான், தோட்டி, தலையாரி என்று அழைக்கப்பட்ட நம் தாத்தாக்கள். குழி எவ்வளவு, காணி எவ்வளவு என்று அவர்களுக்கு அத்துப்படி. ஆனால் அதை ஏட்டில் ஏற்றும் கை வேறு. ஏட்டில் ஏறியதுதான் தாசில்தார் ஆபீசில் செல்லும். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளைத் தமிழக அரசு ஒழித்தது 1980இல். அது வேலை பறிபோன செய்தியாக மட்டும் சிலருக்கு நினைவிருக்கிறது. நமக்கு அது கணக்குப் புத்தகம் கைமாறிய ஆண்டு.

இன்றும் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குக் கரும்பு வெட்டப் போகிறவர்களைப் பாருங்கள். டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசி, முன்பணத்தைக் கழித்து, வராத ஆளின் நாளைக் கழித்து, மிச்சத்தை ஆளுக்கு ஆள் பிரிக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் எக்ஸ், ஒய் போட்டு வருகிற சமன்பாடு அதுதான். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் "கணக்கு மூளை" இல்லை என்கிறார்கள்!

பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. காலத்தில் பொதுக் கணிதம் என்று ஒன்று, காம்போசிட் மேத்ஸ் என்று ஒன்று இருந்தது. இன்ஜினியராக வேண்டுமென்றால் இரண்டாவதை எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்பதைப் பள்ளியிலேயே முடிவு செய்தாக வேண்டும். முதல் பத்து வகுப்புகளுக்கு எல்லோருக்கும் கணிதம் ஒரே கட்டாயப் பாடமாக இருக்க வேண்டும் என்று கோத்தாரி ஆணையம் பரிந்துரைத்தது. 1978இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்தது. பிரிக்கும் வாசல் இரண்டு வகுப்பு தள்ளிப் போனது. வாசல் மட்டும் அப்படியே இருந்தது. அதற்குப் பெயர் குரூப்.

ஜூன் மாதம் ஒரு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நின்று பாருங்கள். பள்ளியின் பெயர் வேண்டாம், எங்களில் பலருக்கு வெவ்வேறு ஊர்களில் நடந்தது இது. அப்பா வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார். "சார், பையன் மேத்ஸ் கேக்கறான் சார்." உள்ளே மார்க் ஷீட்டைப் புரட்டிவிட்டு, "மேத்ஸ் எடுத்தா ஃபெயிலாயிடுவான்யா. பள்ளிக்கூட ரிசல்ட்டும் போவும். தொழில் குரூப்பு போட்டுடலாம், சீக்கிரம் வேலைக்குப் போவான்" என்பார்கள். அக்கறை போலத்தான் இருக்கும். சில நேரம் உண்மையான அக்கறையாகவும் இருக்கும். அப்பா கும்பிட்டுவிட்டு வந்துவிடுவார்.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன போயிற்று என்று கணக்கிடுவோம். பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண்ணில் கணிதம் மட்டும் 100. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. தொழிற்பிரிவினருக்குத் தனியாக ஒரு சிறு வழி உண்டு. மற்றபடி கணிதம் இல்லாதவன் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 2009இல் வந்த 3 விழுக்காடு, அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்படிப்புகளில் 2021இல் வந்த 7.5 விழுக்காடு, எல்லாம் போராடிப் பெற்றவை. பதினோராம் வகுப்பில் கணக்கு எடுக்காத பிள்ளைக்குப் பொறியியலில் இவற்றால் என்ன பயன்? சட்டத்தில் திறந்த கதவைத் தலைமையாசிரியர் அறையில் சாத்திவிடுகிறார்கள். இயற்பியல் பட்டப்படிப்புக்கும் கணிதம் கேட்கிறார்கள். கணக்கை விட்டோடியவனை குரூப் 4 தேர்வில் 25 கேள்விகளாக அது மறுபடி பிடிக்கிறது.

டிசம்பர் 22 வந்தால் பள்ளிகளில் ராமானுஜன் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் பெரிய மேதை, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னார் என்ற கதையை மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, கணக்கு யாருக்கோ அருளப்பட்டது என்றுதானே நினைக்கும்? பழகினால் வருவது என்று யார் சொல்வது?

அமெரிக்காவில் பாப் மோசஸ் என்றொரு கறுப்பினத் தோழர் இருந்தார். 1960களில் மிசிசிப்பியில் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடிபட்டு, சிறைப்பட்டு வேலை செய்தவர். 1982இல் இயற்கணிதத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார். எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் கிடைக்காத கறுப்பினப் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் கல்லூரிக்குப் போகும் கணக்கு வகுப்புகளில் சேர முடியாமல் போவதைப் பார்த்தார். வாக்குரிமை போலவே இதுவும் குடியுரிமை என்றார். பிள்ளைகளை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், எந்த நிலையத்திலிருந்து எந்தப் பக்கம் எத்தனை நிலையம் என்று அவர்கள் பேச்சிலேயே சொல்லவைத்து, எழுதவைத்து, பிறகுதான் கூட்டல் குறி, கழித்தல் குறிக்கு வருவார்.

நமக்கு ரயில் வேண்டாம், சேலம் பஸ் போதும். எலவனாசூர்கோட்டை பூஜ்யம். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் கூட்டல் பக்கம். உளுந்தூர்பேட்டை கழித்தல் பக்கம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு மைனஸ் எண் இதைவிட எளிதாக எப்படிப் புரியும்? இரவுப் பாடசாலை நடத்தும் தம்பிகள் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

கல்வராயன் மலை இன்னும் தள்ளி இருக்கிறது. 1976 வரை ஜாகீர்தார்களிடம் இருந்த மலை அது. மலையிலுள்ள பள்ளிகளில் எத்தனையில் கணிதப் பிரிவு உண்டு, எத்தனையில் கணித முதுகலை ஆசிரியர் இருக்கிறார், பிரிவு இல்லாத ஊர்ப் பெண்பிள்ளை கீழே இறங்கி வந்தால் தங்க விடுதி உண்டா என்று யாராவது எழுதிக் கேட்டால்தான் பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுவுக்குப் பத்து ரூபாய்.

ஆகவே எங்கள் அமைப்பு இரண்டு வேலைகளை எடுத்துக்கொள்கிறது. மாவட்டத்தின் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளிக்கும் இந்த மனுவைப் போடுவது ஒன்று. பத்தாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் கணிதப் பிரிவு கேட்கிற பிள்ளையின் பெற்றோரோடு பள்ளிக்குள் கூடவே போவது இன்னொன்று. சண்டை போட அல்ல, "சார், பையன் மேத்ஸ் கேக்கறான்" என்பதை இரண்டாம் முறையும் சொல்ல. வருகிறவர்கள் பெயரும் ஊரும் கைப்பேசி எண்ணும் எழுதிக்கொடுங்கள். வாசலருகே மேசையில் நோட்டு இருக்கிறது.